சந்தனம் பூசிய சாவி

"தம்பி, இன்னைக்கு எத்தனை திருட்டுங்க?"

காலையில் நான் பல் துலக்கியபடி மாடிப்படியில் நின்றால் கீழேயிருந்து இந்தக் கேள்வி வரும். நான் அப்போது ஒரு நாளிதழின் கோவைப் பதிப்பில் நிருபர். உள்ளூர்க் குற்றச்செய்திகள் என் பொறுப்பு. கேட்டவர் என் வீட்டுக்காரர். கோவையின் கணபதி பகுதியில் அவருடைய வீட்டின் மாடியில் நான்கு ஆண்டுகள் குடியிருந்தேன். கீழே அவரும் அவர் மனைவியும். அவரை அண்ணா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டுப் பழகியிருந்தேன்.

பேப்பரை அவர் முதல் பக்கத்திலிருந்து வாசித்து நான் பார்த்ததில்லை. திருட்டில் தொடங்குவார். பிறகு கொள்ளை, வழிப்பறி, செயின் பறிப்பு. அதற்குப் பிறகு நேரமிருந்தால் நாட்டு நடப்பு.

"பூட்டை உடைத்துன்னு போட்டிருக்கறீங்க. என்ன பூட்டு, எத்தனை லீவருன்னு ஒண்ணும் போடலீங்களே?"

"போலீஸ்ல அதெல்லாம் சொல்றதில்லீங்கண்ணா."

"கேக்கோணுமில்லீங்களா? அப்புறம் நாங்க எதைப் பாத்து வாங்கறது?"

அந்த நான்கு ஆண்டுகளில் என் செய்திகளைப் பற்றி எனக்கு வந்த ஒரே உருப்படியான விமர்சனம் அவருடையதுதான்.

மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். ஐம்பது வயது, சட்டைப் பையில் எப்போதும் ஒரு டார்ச், இடுப்பில் சாவிக்கொத்து. கம்பெனியில் அவர் கையெழுத்தில்லாமல் ஒரு வாஷர் வெளியே போகாது என்று சொல்வார்கள். பெருமையாகச் சொன்னார்களா, சலிப்பாகச் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. அவர் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். வீட்டையும் அப்படியே நடத்தினார்.

கேட்டுக்கு மூன்று பூட்டு, மூன்றும் ஒரே கொக்கியில். தண்ணீர் மோட்டார் பெட்டிக்கு ஒன்று. வாசல் குழாய்க்கு ஒன்று. பழைய பேப்பர் போட்டுவைக்கும் பெட்டிக்கும் ஒன்று. "பேப்பரை யாருங்கண்ணா எடுக்கப்போறாங்க?" என்று கேட்டேன். "எடுக்க மாட்டாங்கன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?" என்றார். நான் எழுதிக் கொடுக்கவில்லை.

பூட்டுவதைவிட, பூட்டியதைச் சோதிப்பதில்தான் அவருக்கு நேரம் அதிகம் போகும். ஒவ்வொரு பூட்டையும் மூன்று முறை இழுப்பார். மூன்றாவது முறை கால் இரண்டையும் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, கிணற்றிலிருந்து எதையோ தூக்குபவர்போல் இழுப்பார். தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். இப்படி இழுத்தே கேட்டின் தாழ்ப்பாள் வளைந்து, சுவரில் பதித்த கொக்கி விரல்விட்டால் ஆடும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அந்தத் தெருவில் எந்தத் திருடனும் அந்தக் கேட்டுக்கு அத்தனை சேதம் செய்ததில்லை.

சாவிகளை ஒளித்துவைக்கும் இடத்தை மாதம் ஒருமுறை மாற்றுவார். துவரம்பருப்பு டப்பா, சாமி படத்துக்குப் பின்புறம், குக்கருக்குள் குக்கர். புது இடத்தை அக்காவிடம் சொல்ல மாட்டார்.

"எங்கிட்டச் சொன்னா என்னங்க?" என்று அக்கா ஒருமுறை கேட்டார்.

"நீ வாய்தவறி யாருகிட்டயாச்சும் சொல்லிப்போடுவ அம்மணி. தெரியலைன்னா சொல்லவே முடியாதுல்ல?"

தர்க்கத்தில் குற்றம் சொல்ல முடியாது. விளைவு என்னவென்றால், பாதி நேரம் அவருக்கே மறந்துபோகும். மறந்ததை ஒப்புக்கொள்ள மாட்டார். "பத்திரமா இருக்குதுங்க" என்பார். பத்திரமாக இருக்கிறது என்றால் கிடைக்கவில்லை என்று பொருள் என்பது எனக்கு இரண்டாவது மாதமே புரிந்துவிட்டது.

இதுவரை சிரிப்புதான். சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போவார். அக்கா உள்ளே இருப்பார். வீட்டில் ஆள் இருப்பது தெரிந்தால்தானே எவனாவது தண்ணீர் கேட்டு வருவான் என்பது அவர் கணக்கு. மாடிக்குப் படி வெளிப்பக்கமாக, தனி வாசலோடு இருந்ததால் நான் தப்பினேன். அக்கா ஜன்னல் கம்பி வழியாக எனக்குக் கொள்ளு ரசம் கொடுப்பார். கேட்டுக்கு இன்னொரு சாவி இல்லையா என்று கேட்டபோது, "இருக்குதுங்க தம்பி. பத்திரமா இருக்குது" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, "கம்பெனி ஸ்டோர்ல எத்தனை அயிட்டம் இருக்கோ, இங்க நானும் ஒரு அயிட்டம்" என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

அவர் தன் கார்ச் சக்கரங்களுக்கு லாக் நட் போட்ட விவகாரத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. நான் வந்த முதல் வருடம், நகரத்தின் இன்னொரு மூலையில் நிறுத்தியிருந்த காரிலிருந்து நான்கு சக்கரங்களையும் கழற்றிச் சென்றுவிட்டார்கள் என்று மூன்று வரியில் ஒரு செய்தி எழுதினேன். கழற்றியது அந்தக் காரின் சொந்தக்காரருடைய மைத்துனர் என்றும், அது குடும்பச் சண்டை என்றும் இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. மறுப்பு போட இடமில்லை. அன்று தங்க விலை ஏறியிருந்தது.

அந்த மூன்று வரியை அவர் வெட்டி எடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, பீரோவில் பூட்டினார். அந்த வார ஞாயிற்றுக்கிழமையே தன் காருக்கு நான்கு லாக் நட் வாங்கிப் போட்டார். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டை மட்டும் எடுத்துவிட்டு அதன் இடத்தில் இதைப் போடுவார்கள். தலை உருண்டையாக இருக்கும், சாதாரண ஸ்பேனர் பிடிக்காது. நடுவில் பூ மாதிரி ஒரு வெட்டு. அந்த வெட்டுக்குள் சரியாகப் பொருந்துகிற விரல் நீள இரும்புத் துண்டுதான் சாவி. அதைச் செருகி, அதன்மேல் ஸ்பேனரை மாட்டித் திருப்பினால்தான் கழலும்.

"இந்தச் சாவி இல்லாம இனி அந்த ஆண்டவனே வந்தாலும் சக்கரத்தைக் கழட்ட முடியாதுங்க" என்றார். ஆண்டவன் அப்படி ஒரு முயற்சியில் இருந்ததாகத் தகவல் இல்லை.

சாவியைப் பூஜை அலமாரியில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்தார். அவர் இடம் மாற்றாத ஒரே சாவி அதுதான். காரை அதிகம் எடுக்கவும் மாட்டார். எடுத்தால் எங்கேயாவது நிறுத்த வேண்டியிருக்கும், நிறுத்தினால் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கும். ஆகவே போர்டிகோவில் உறை போட்டு நின்றது. சக்கரத்தைக் கழற்றும் தேவையும் வரவில்லை.

ஆனால் ஆண்டுதோறும் ஆயுத பூஜை வந்தது. கோயமுத்தூரில் ஆயுத பூஜை என்றால் இயந்திரம் வைத்திருப்பவனுக்குத் தீபாவளியைவிடப் பெரிது. கம்பெனியில் லேத்துகளுக்கெல்லாம் சந்தனம் வைத்து முடித்த கையோடு வீட்டுக்கு வருவார். சுத்தியல், ஸ்க்ரூடிரைவர், கிரைண்டர், அக்காவின் அரிவாள்மனை, என் கேமரா எல்லாம் வரிசையில் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு. லாக் நட் சாவிக்கு மட்டும் பொட்டு போதாது என்பது அவர் கருத்து. குழைத்த சந்தனத்தை விரலால் எடுத்து, சாவியின் முனை முழுக்க, அந்தப் பூ வெட்டின் ஒவ்வொரு பள்ளத்திலும் பதியும்படி அழுத்திப் பூசுவார். மேலே குங்குமம். துடைப்பதில்லை. பூஜைப் பொருளைத் துடைக்கலாமா? அடுத்த ஆண்டு காய்ந்த சந்தனத்தின்மேல் புதுச் சந்தனம். நான் கண்ணால் பார்த்தது மூன்று முறை.

அக்காவுக்கு ஒரே தம்பி. உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு. வயது முப்பத்தெட்டு. எங்கள் பக்கத்தில் தோப்பு வைத்திருக்கும் பையனுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து ஆண்டுகள் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்து, கடைசியில் பவானியில் பெண் அமைந்தது. அக்கா அந்த மாதம் முழுக்க ஜன்னல் வழியாகக் கல்யாணக் கதையைத்தான் பேசினார். அதில் பாதி இணைச்சீர்.

கொங்குக் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் நடக்கும் சீர் அது. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளை அவன் பக்கத்தில் நிறுத்தி, மணப்பெண்ணுக்கான கூறைச்சேலையை அவள் கையில் கொடுத்துச் செய்வார்கள். கூடப்பிறந்தவள் வரவில்லையென்றால் பெரியப்பன் மகளையோ சித்தப்பன் மகளையோ நிறுத்திவிடுவார்கள். சீர் நிற்காது, ஆள்தான் மாறும்.

"பத்து வருசமா இதுக்குத்தான் தம்பி காத்திருக்கறேன்" என்றார் அக்கா. "என்ற சித்தப்பன் மக ஒருத்தி இருக்கா. நான் ஒரு நிமிசம் தவறினாலும் வந்து நின்னுக்குவா. இப்பவே சேலை எடுத்து வச்சிருக்கறாளாமா."

கல்யாணம் உடுமலையில். சொந்தக்காரர்கள் எல்லோரும் முந்தின நாளே போய்விட்டார்கள். வீட்டுக்காரர் மட்டும் மறுத்துவிட்டார். ராத்திரி வீட்டைப் பூட்டிப்போட்டு வெளியே தங்குவதா? விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழரைக்கு மண்டபம். சீர் எட்டேகாலுக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. எனக்கும் கல்யாணப் பத்திரிகை வைத்திருந்ததால் அதே காரில் போவதாக ஏற்பாடு.

ஐந்து மணிக்குக் காரின் உறையை எடுத்தோம். முன்பக்க இடது டயர் தரையோடு தரையாக இருந்தது. பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. ஓடித் தேயாத டயர், நின்ற இடத்திலேயே காய்ந்து வெடித்திருந்தது. காற்றடித்துச் சமாளிக்கும் வேலை இல்லை.

"ஸ்டெப்னி மாத்திப்போடலாங்க. அஞ்சு நிமிச வேலை" என்றார். ஜாக்கியை எடுத்தார். மூன்று சாதாரண நட்டுகளும் எளிதாகத் தளர்ந்தன. பிறகு பூஜை அலமாரிக்குப் போய், கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாவியைக் கொண்டுவந்தார்.

சாவி உள்ளே போகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். பூ வெட்டில் பள்ளம் என்று ஒன்று இல்லை. ஆண்டு ஆண்டாகப் பூசிய சந்தனமும் குங்குமமும் இறுகி, முனை மொழுமொழுவென்று சிவந்த மெழுகு பொம்மைபோல் இருந்தது.

"ஊசி வச்சுச் சுரண்டிப் பாக்கலாங்கண்ணா."

"சாமிகிட்ட இருந்ததைச் சுரண்டறதுங்களா? தட்டுனா எறங்கீருமுங்க."

சுத்தியலால் தட்டினார். பாதி இறங்கியது. ஸ்பேனரை மாட்டி அதன்மேல் ஏறி நின்று, பூட்டைச் சோதிக்கும் அதே பக்தியோடு ஒரு குதி குதித்தார். சாவி வழுக்கியது. அவர் கேட்டில் போய் இடித்துக்கொண்டார். நட்டின் தலையில் பூ இல்லை, குழி மட்டும் இருந்தது. இரண்டாவது குதியில் சாவியின் முனையும் உடைந்தது.

மணி ஐந்தே முக்கால். நல்ல முகூர்த்த நாள். தெரிந்த டாக்சிக்காரர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கல்யாணத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். தெரியாத டாக்சி ஒன்று கிடைக்கும் என்று போனில் காட்டியது. "முன்ன பின்ன தெரியாதவன் வண்டியில நகையோட ஏறச் சொல்றீங்களா?" என்று அவர் என் போனைப் பார்த்த பார்வையில் போனே குற்றவாளியாகிவிட்டது.

அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் தம்பியின் குரல் கேட்டது. "அக்கா, எங்கக்கா வாரீங்க?"

"வந்துட்டே இருக்கறேன் கண்ணு."

போனை வைத்துவிட்டு அக்கா கணவனைப் பார்த்தார். பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை, கையில் ஒரு துணிப்பை.

"கேட்டைத் தொறங்க."

"எதுக்கு?"

"உக்கடம் போனா பஸ் இருக்குது."

"கழுத்துல இத்தனையப் போட்டுட்டு பஸ்ல போறியா? ஒரு அரை மணி நேரம் பொறு அம்மணி. எப்படியும் கழட்டிப்போடலாம்."

"முந்தானையப் போத்திக்கறேன். கேட்டைத் தொறங்க."

"நான் சொல்றதக் கேளு."

"இருபத்தஞ்சு வருசமாக் கேட்டுட்டேனுங்க. இன்னைக்கு நீங்க கேளுங்க."

குரல் உயரவில்லை. மரியாதையும் குறையவில்லை. அவர் இடுப்புக் கொத்திலிருந்து மூன்று சாவிகளையும் ஒவ்வொன்றாக எடுத்தார். கேட்டைத் திறந்துவிட்டார்.

அக்காவை என் ஸ்கூட்டரில் உக்கடத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். பொள்ளாச்சி வழியாக உடுமலை போகும் பஸ் நகரத் தொடங்கியிருந்தது. ஓடிப்போய் ஏறினார். ஜன்னலோரம் ஒரு பூக்காரம்மா தன் கூடையை மடியில் எடுத்துக்கொண்டு இடம் கொடுத்தார். பத்திரமாகப் போங்கள் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

திரும்பும் வழியில் பஞ்சர் கடைக்காரர் ஒருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி அழைத்து வந்தேன். அவர் நட்டைப் பார்த்தார். உடைந்த சாவியை முகர்ந்து பார்த்தார். "சந்தனம் நல்ல வாசமுங்க" என்றார். பையிலிருந்து, நட்டின்மேல் குல்லாய்போல் மாட்டுகிற, துருப்பிடித்த ஒரு பழைய சாக்கெட்டை எடுத்தார். நட்டைவிடக் கொஞ்சம் சிறியது. அதை நட்டின் தலைமேல் வைத்துச் சுத்தியலால் நான்கு அடி அடித்தார். உருண்டைத் தலையைச் சாக்கெட்டின் பற்கள் கடித்துக்கொண்டன. ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் செருகி அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். கழன்றுவிட்டது.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம்.

வீட்டுக்காரர் குனிந்து அந்தச் சாக்கெட்டை உற்றுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்கண்ணா. வாரத்துக்கு ரெண்டு வரும். சாவியத் தொலைச்சுப்போட்டு வருவாங்க. சந்தனக் கேசு இதுதான் மொதல்."

"இந்தச் சாக்கெட்டு இருந்தா யாரு வேணாலும் கழட்டலாமா?"

"சுத்தியலும் வேணுமுங்க."

அவர் சாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு அந்தச் சாக்கெட்டைத் தனக்கு விலைக்குக் கொடுக்கச் சொன்னார். பஞ்சர் கடைக்காரருக்குப் புரியவில்லை. "துரு புடிச்சதுங்கண்ணா. எதுக்குங்க?" என்றார். "இது வெளிய இருக்கற வரைக்கும் யாரு காருக்கும் பத்திரமில்லீங்க" என்றார் வீட்டுக்காரர். கடையில் இது மாதிரி ஒரு சாக்கு நிறையக் கிடக்கிறது என்று கடைக்காரர் பணிவாகச் சொல்லிப் பார்த்தார். பயனில்லை. நசுங்கிய நட்டைக் கவ்வியபடியே அந்தச் சாக்கெட் பீரோவுக்குள் போய்ப் பூட்டப்பட்டது. பஞ்சர் கடைக்காரரின் பெயர், ஊர், போன் நம்பர் மூன்றும் ஒரு நோட்டில் ஏறின.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். கிணத்துக்கடவு தாண்டும்போது அவர் வேகத்தைக் குறைத்தார்.

"தம்பி, மூணாவது பூட்டை இழுத்துப் பாத்தனுங்களா?"

"மூணு தடவை பாத்தீங்கண்ணா. நான் எண்ணினேன்."

"நீங்க எண்ணுனது ரெண்டாவது பூட்டா இருக்கும்."

காரைத் திருப்பிவிட்டார். நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. வீட்டுக்கு வந்தோம். மூன்றும் பூட்டியிருந்தன. அவர் நிம்மதியாக மூன்றையும் இழுத்துப் பார்த்தார். மூன்றாவதை இழுத்தபோது, அத்தனை ஆண்டுகளாக ஆடிக்கொண்டிருந்த கொக்கி சுவரிலிருந்து பெயர்ந்து, மூன்று பூட்டோடும் அவர் கையில் வந்தது. கேட் தானாகத் திறந்துகொண்டது.

அவர் மூன்று பூட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றும் பூட்டியேதான் இருந்தன. இனி அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். உள்ளே போய்ச் சணல் கயிற்றை எடுத்து வந்து கேட்டை இறுக்கிக் கட்டினார். காரில் ஏறினார்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது தாலி கட்டி முடிந்து, பந்தி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மணமேடையில் தம்பிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பஸ் எட்டு மணிக்கே வந்துவிட்டதாம். கூறைச்சேலையை அவர்தான் வாங்கி நின்றிருக்கிறார். சித்தப்பன் மகள் எடுத்துவைத்த சேலையை உடுத்திக்கொண்டு பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் மேடையேறி மனைவியின் பக்கத்தில் போனார். முதலில் கழுத்தைப் பார்த்தார். எல்லாம் இருந்தன.

"பஸ்ல வந்தது... ஒண்ணும் ஆகலயே?"

"ஆச்சுங்க" என்றார் அக்கா. "பூக்காரம்மா ரெண்டு மொழம் மல்லி வச்சுவிட்டாங்க. காசு வாங்க மாட்டேன்னுட்டாங்க."

இணைச்சீர் படம் எதிலும் அவர் இல்லை. அதற்கடுத்த ஆண்டு எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் நாளில் மாடிச் சாவியைக் கொடுக்கப் போனேன். கேட்டில் ஒரே ஒரு பூட்டுதான் இருந்தது. அக்கா உள்ளேயிருந்து வந்து, முந்தானையில் முடிந்திருந்த சாவியை எடுத்து அதைத் திறந்தார்.

"அவரு கம்பெனிக்குப் போயிருக்கறாருங்க. எங்கிட்டக் குடுங்க தம்பி."

கொடுத்தேன். "பத்திரமா வச்சுக்கங்க அக்கா" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன்.

அக்கா சிரித்தார். கேட்டுத் தூணில், தெருவில் போகிற எவர் கண்ணிலும் படுகிற உயரத்தில் ஒரு ஆணி அடித்திருந்தது. சாவியை அதில் மாட்டினார்.

"மாடிக்கு வர்றவங்க எடுத்துக்குவாங்க" என்றார்.